கரண்ட் போகுமோ, மழை வருமோ: மகளின் பயம் கூடிக்கொண்டே போகிறது

கோண்டாவில் அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. சின்ன வயதிலேயே ஓட்டிசம் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். நன்றாகக் கதைப்பாள், ஆனால் பயந்துவிட்டால் ஒரு சொல்லும் வாயில் வராது. எண்களும் மணிக்கூடும் என்றால் அவளுக்கு உயிர். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பாள்.

சின்னச் சின்னப் பயங்கள் முந்தியும் இருந்தன. குக்கர் விசில், கிரைண்டர் சத்தம், இப்படி. சத்தம் வர முன்னம் சொல்லிவிடுவோம், அவள் முற்றத்துக்குப் போய் நிற்பாள். அதோடு முடிந்துவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்க மின்சாரம் நின்றதே, அன்றைக்குத்தான் இது தொடங்கியது. முதலில் கரண்ட் போவதற்கு மட்டும் பயந்தாள். பிறகு, மழை பெய்தால் கரண்ட் போகும் என்று மழைக்குப் பயம். பிறகு இடி. பிறகு கருமேகம். இப்போது வானம் மூடிக்கிடந்தாலே பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஃபான் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் நடுங்குகிறாள்.

நித்திரை வரும் வரை ஒரே கேள்வி: "கரண்ட் போகுமா அம்மா?" போகாது என்று சொன்னால் அரை நிமிடம் அமைதி, அப்புறம் திரும்பவும் அதே கேள்வி. ஐப்பசி பிறந்தால் மாரி. தீபாவளி வெடி, அதன் பிறகு சூரன்போர். ஒரு பயம் போய் இன்னொன்று வந்தால்கூடச் சமாளிப்பேன். இது ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகிறது. இதே பாதையால் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

சாவகச்சேரி அப்பா

தங்கச்சி, முதலில் ஒரு விசயம். பயம் திடீரென்று கூடினால் உடம்பைப் பாருங்கள். எங்கள் மகனுக்கு 11 வயது, பேச்சு மிகக் குறைவு. போன வருசம் பாத்ரூம் பக்கம் போகவே பயந்தான். இருட்டுக்குப் பயம் என்று நினைத்து லைட் மாற்றினோம், பல்லிக்குப் பயம் என்று நினைத்துச் சுவரைத் துப்புரவாக்கினோம். கடைசியில் கிளினிக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டொக்டர் சொன்னார், கடுமையான மலச்சிக்கல் என்று. போனால் வலிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. வயிறு சரியான பிறகு பயமும் மெல்ல மெல்ல இறங்கியது.

பல், காது, வயிறு, நித்திரை. இந்த நான்கையும் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். இடைக்கிடை வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் சில செக்கன் கேட்காமல் இருப்பது போல ஏதும் கண்டால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம்.

மிருசுவில் பெரியப்பா

பிள்ளை, நான் வயது போனவன், குறை நினைக்காதே. பயம் என்றால் பழக்கத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்த சனத்துக்குள் நானும் இருந்தேன், மழைக்குள் கைக்குழந்தையோடு. செல் சத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு நல்லாய்த்தான் இருக்கிறார்கள். வெடி கொளுத்துகிற இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கிழமையில் பழகிவிடும். ஒளித்து ஒளித்து வைத்தால்தான் பயம் வளரும்.

நெல்லியடி எண்கள்

வணக்கம் அக்கா. எனக்கு 24 வயது, நானும் ஓட்டிசம் உள்ளவன். இப்போது ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். உங்கள் மகளின் இடத்திலிருந்து சொல்ல எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பெரியப்பா சொன்னதில் ஒன்று உண்மை: ஒளித்து வைத்தால் பயம் வளரும். ஆனால் கையைப் பிடித்து வெடிக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் எனக்கு நடந்திருக்கிறது. நான் வெடிக்குப் பழகவில்லை. கையைப் பிடித்த மாமாவுக்குப் பயப்படப் பழகினேன். அந்தக் கோயில் வீதிக்கும், அன்றைக்குப் போட்டிருந்த சேட்டுக்கும்கூட. மற்றவர்களுக்குச் சத்தம் என்பது எனக்கு வலி. சூத்தைப் பல்லை யாரோ தட்டுவது போல. வலிக்குப் பழகு என்றால் எப்படிப் பழகுவது?

சத்தத்தை விடக் கஷ்டமானது அது எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பது. நல்லூர்த் திருவிழாவில் சனமும் மேளமும் எனக்கு லேசில்லை, ஆனாலும் போவேன். 25 நாளும் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று முன்னமே தெரியும். 24ஆம் நாள் தேர். பூசை நேரம் பிசகாது. மணி அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன், அடித்து முடிந்ததும் கையை எடுப்பேன். ஆனால் பக்கத்துக் கலியாண வீட்டில் யாராவது நினைத்த நேரத்துக்கு ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் அந்த நாள் முழுக்க வீணாய்ப் போகும்.

மகள் கரண்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். கரண்டும் மழையும் அவளிடம் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. மணிக்கூட்டை நம்பி வாழும் பிள்ளைக்கு அது பெரிய விசயம்.

இன்னொன்று. பயந்திருக்கும் நேரத்தில் ஏன் பயம், என்ன பயம் என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த நேரம் சொல் எதுவுமே இருக்காது. கேட்கக் கேட்க இன்னும் மூச்சு முட்டும். அடுத்த நாள், ஓட்டோவில் பக்கத்தில் இருந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். சொல்வாள்.

விசேடகல்வி ரீச்சர்

அக்கா, நான் ஒரு அரசாங்கப் பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். வானம் மூடினால் பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேகம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். இந்தத் தவணை வகுப்பாசிரியர் மாறினாரா? இருக்கும் இடம் மாற்றினார்களா? மழை நாளில் இடைவேளைக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்துக்குள் விட்டால் தகரக் கூரைச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் சேர்ந்து எங்களுக்கே தலை இடிக்கும். யாராவது அவளைச் சீண்டுகிறார்களா? "கரண்ட் போகப் போகுது" என்று சொன்னால் இவள் அழுவாள் என்று கண்டுபிடித்தால், அதையே விளையாட்டாக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரருக்கும் ஒரு விசயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். சாப்பிடாவிட்டால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும், பிள்ளை பிடிகாரன் வருவான் என்று வெருட்டக் கூடாது. மற்றப் பிள்ளைகள் ஒரு வயதுக்குப் பிறகு அது சும்மா என்று விளங்கிக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எடுப்பார்கள். ஒரு மாமி சொன்ன ஒரு வசனத்துக்காக மாதக்கணக்கில் காக்கி உடுப்பைக் கண்டு ஒளித்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

கோண்டாவில் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பல்லும் காதும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வயிற்றைப் பற்றி அடுத்த கிளினிக்கில் கேட்கிறேன். வகுப்பாசிரியர் இரண்டாம் தவணையில் மாறியது உண்மை. ரீச்சர் சொன்ன மழை நாள் இடைவேளையைப் பற்றி விசாரித்தேன், அப்படியேதான்: எல்லோரும் மண்டபத்துக்குள்.

தம்பி, நீங்கள் சொன்னது போல ஓட்டோவில் வைத்துக் கேட்டேன். "கரண்ட் போனா எத்தனை மணிக்கு வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்னதான் பதில் சொல்வது? போகாது என்று சொன்னால் சில நாள் போய்விடுகிறது. போகும் என்றால் அலறுகிறாள்.

வலிகாமம் சிகிச்சையாளர்

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், அன்றாடக் காரியங்களைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. உங்கள் மகளை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், அவளைப் பார்க்கும் வைத்தியரோடு சேர்ந்து இதைத் தீர்மானியுங்கள்.

முதலில், இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. சிறுவர் உளநல வைத்தியர் லியோ கனர் 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்தப் பயங்கள் இருக்கின்றன. தூசு உறிஞ்சும் இயந்திரம், லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி, ஓடும் தண்ணீர், காற்றுக்கூட அந்தப் பிள்ளைகளைக் கலங்க வைத்தது என்று எழுதினார். எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பையும் அவர் அதே கட்டுரையில் குறித்தார். 2011இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் இளம் பருவத்தினரிலும் சுமார் 40 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றப் பிரச்சினை ஒன்றாவது இருந்தது. நீங்கள் செல்லம் கொடுத்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பயம் ஏன் பரவுகிறது? கருமேகத்தைக் கண்டு வீட்டில் நின்றுவிட்டால் அந்த நிமிடமே நிம்மதி வரும். மேகம் ஆபத்து, வீட்டில் நின்றதால்தான் தப்பினேன் என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்த முறை அதற்கு முந்திய அறிகுறியைக் கண்டே எச்சரிக்கும். கரண்ட், மழை, இடி, மேகம் என்று உங்கள் மகளின் பயம் பின்னோக்கி நடந்திருப்பதைப் பாருங்கள். ஆகவே ஒதுங்குவதை முழுக்க அனுமதித்தால் பயம் வளரும். பெரியப்பா சொன்ன வழியில் ஒரேயடியாகத் தள்ளினாலும் வளரும், அதைத் தம்பி எழுதிவிட்டார். மிச்சம் இருப்பது மிகச் சிறிய படிகளாக, அவள் சம்மதத்தோடு, நிறுத்தும் உரிமையை அவள் கையில் கொடுத்துப் போவது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். "போகாது" என்பது நீங்கள் கொடுக்க முடியாத வாக்கு. ஒரு முறை பொய்த்தால் அதன் பிறகு உங்கள் எந்தப் பதிலும் அவளைத் தேற்றாது. உண்மையைச் சொல்லி, என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "போகலாம். போனால் சார்ஜ் லைட்டைப் போடுவோம். அப்பா 1987க்குக் கோல் எடுப்பார். வந்த நேரத்தை நீ எழுதுவாய்." 1987 மின்சார சபையின் இலக்கம் என்று தெரிந்தால் எண்களை விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல பிடிமானம். இதே வசனங்களைப் படத்தோடு ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை கேட்கும்போது முதல் தரம் பதில் சொல்லுங்கள். இரண்டாம் தரம் "மட்டையில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பதில் உங்கள் வாயிலிருந்து வருவதற்குப் பதிலாக அவள் கண்ணால் கண்டுபிடிப்பதாக மாற வேண்டும். அமெரிக்காவில் கரோல் கிரே என்ற ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதைகளும் இந்த வகைதான்: என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன செய்வார்கள், நான் என்ன செய்யலாம் என்று பிள்ளையின் மொழியில் ஒரு சின்னக் கதை. அதில் "நான் பயப்பட மாட்டேன்" என்று எழுதாதீர்கள். "எனக்குப் பயம் வரலாம், அப்போது லைட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம்" என்று எழுதுங்கள்.

அப்புறம் ஒரு கரண்ட் கொப்பி. போன நேரம், வந்த நேரம், இரண்டுக்கும் இடையில் எத்தனை நிமிடம். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவளே எழுதட்டும். ஒவ்வொரு முறையும் கரண்ட் திரும்பி வந்தது என்பதற்கு அவள் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும். நாங்கள் ஆயிரம் தரம் சொல்வதை விட அது பெரிது.

பயிற்சியைப் பட்டப்பகலில், வெயில் நாளில் தொடங்குங்கள். ஒரு அறையின் ஃபான் சுவிட்சை அவளே நிறுத்தட்டும், அவள் சொல்லும் எண் வரை எண்ணட்டும், அவளே போடட்டும். ஐந்து வரை என்றால் ஐந்துதான். நல்லாய்ப் போகிறது என்று நீங்கள் ஆறாவதை எண்ணாதீர்கள். அது இலகுவான பிறகு ஃபானையும் லைட்டையும் சேர்த்து. பிறகு யன்னலைச் சாத்திக்கொண்டு. பிறகு பின்னேரம் கருகும் நேரம். அதன் பிறகு, இன்றைக்கு நான் நிறுத்துவேன், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்று சம்மதம் கேட்டுவிட்டு நீங்கள் நிறுத்துங்கள். ஒரு படியில் பதற்றம் கூடினால் முந்திய படிக்குத் திரும்புங்கள். அவசரமே வேண்டாம்.

இடிக்கும் எண்ணிக்கை உதவும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கினால் சுமார் 3 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் தூரம். வீட்டுக்குள் இருந்தபடி எழுதட்டும்: 12 செக்கன், 4 கிலோமீற்றர். இடி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டாலும், எங்கே இருக்கிறது என்று அவளால் கணக்குப் பண்ணலாம்.

மருந்து தேவையா இல்லையா என்பது உளநல வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நித்திரையும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்கூடம் முற்றாக நின்று, அல்லது தன்னைத் தானே காயப்படுத்தத் தொடங்கினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

ஸ்காபரோ சித்தி

நான் கனடாவில் இருக்கிறேன், என் அக்காவின் மகனுக்கு ஓட்டிசம். ஊருக்குக் காதை மூடும் ஹெட்போன் ஒன்று அனுப்பினேன். இப்போது அவன் அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறானாம், சாப்பிடும்போதும் போட்டிருக்கிறானாம். இது நல்லதா? தீபாவளிக்கு இந்தப் பிள்ளைக்கும் ஒன்று அனுப்பலாமா என்று கேட்க வந்தேன்.

வலிகாமம் சிகிச்சையாளர்

நல்ல பொருள்தான் அக்கா, தீபாவளி இரவுக்கு மிகவும் உதவும். நாள் முழுக்க என்றால் கவனம். எப்போதும் அமைதிக்குள் இருக்கும் காதுக்குச் சாதாரணச் சத்தமும் பெரிதாகக் கேட்கத் தொடங்கலாம். வெடி, மேளம், பஸ் ஸ்டாண்ட், மழை நாள் மண்டபம் என்று இடத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு பண்ணுங்கள். வீட்டில் அமைதியான நேரத்தில் கழுத்தில் தொங்கட்டும். பறித்து எடுக்க வேண்டாம், கையெட்டும் தூரத்தில் இருப்பதே பாதித் தைரியம்.

கோண்டாவில் அம்மா

சிகிச்சையாளர் எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். மட்டை எழுதி ஒட்டியாயிற்று. 1987 என்ற எண்ணைக் கண்டதும் நான்கு இலக்கங்களையும் கூட்டி 25 என்றாள்.

இன்னொரு விசயம் கேட்க வேண்டும். எங்களோடு அம்மாவும் இருக்கிறா. இடி இடித்தால் அம்மா இப்போதும் குனிந்து சுவரோடு போவா. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்த பழக்கம். வெடிச் சத்தம் கேட்டால் முகம் வெளிறி, "பிள்ளையைக் கொண்டா, பிள்ளையைக் கொண்டா" என்பா. மகள் அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவ மனம் உடைந்துபோவா.

மிருசுவில் பெரியப்பா

பிள்ளை, இதற்கு நான்தான் பதில் எழுத வேண்டும். என் மனைவியும் அப்படித்தான். ஹெலி பறந்தால் கைவேலை எல்லாம் நின்றுவிடும். நல்லாய்த்தான் இருக்கிறார்கள் என்று மேலே எழுதினேன், நல்லாய்த்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் சத்தம் உள்ளே இருக்கிறது. அம்மாவிடம் குற்றம் போலச் சொல்லாதே. பேத்திக்கு உங்கள் உதவி வேண்டும் என்று கேள். எங்கள் வயதுக்காரருக்கு உதவி கேட்டால் உயிர் வரும்.

வலிகாமம் சிகிச்சையாளர்

ஐயா சொன்னதை விட நல்லாய்ச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அம்மம்மா பயத்தை மறைக்க வேண்டியதில்லை, மறைத்தாலும் பிள்ளைக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லட்டும்: "இது இடி. எனக்குப் பழைய ஞாபகம் வந்திட்டுது. இப்ப நாங்கள் வீட்டுக்குள்ள இருக்கிறம்." பெரியவர் ஒருவர் பயந்து, அதைச் சொல்லி, பிறகு அமைதியாவதைப் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாடம். செக்கன் எண்ணும் வேலையை இருவருமாகச் செய்யட்டும். அம்மாவுக்கு நித்திரையில் அலறல், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அவவையும் ஒரு முறை உளநலப் பிரிவில் காட்டுங்கள். 30 வருசம் போனாலும் சிகிச்சை பலன் தரும்.

உரும்பிராய் மாமி

நான் சொல்வதை யாரும் தவறாக எடுக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஒருவர் பார்வை பார்த்து நூல் கட்டுவார். வெருண்ட பிள்ளைகளுக்கு நல்லது. பிள்ளையை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனால் என்ன?

விசேடகல்வி ரீச்சர்

மாமி, நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. வீட்டில் திருநீறு பூசித் தேவாரம் சொல்லி நித்திரையாக்கினால், ஒவ்வொரு இரவும் ஒரே மாதிரி நடக்கும் காரியம் என்பதால் அதுவே பிள்ளைக்கு ஆறுதல். ஆனால் தெரியாத இடம், சாம்பிராணிப் புகை, முகத்துக்கு நேரே வேப்பிலை, உரத்த சத்தம், யாரோ ஒருவர் உடம்பில் தொடுவது, இதெல்லாம் சேர்ந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே புதுப் பயமாகும். நூல் கட்ட வேண்டும் என்றால் வீட்டில் அம்மம்மா கட்டட்டும், அதுவும் கையில் கயிறு உரசுவதை மகள் பொறுத்துக்கொண்டால். கிளினிக்கை மட்டும் நிறுத்த வேண்டாம். முகநூலில் ஓட்டிசத்தைக் குணமாக்கும் சொட்டு மருந்து, உலோகத்தை வெளியேற்றும் மருந்து என்று வருகிறதே, அதை யாரும் தொடாதீர்கள். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் அந்தச் சிகிச்சையில் வெளிநாட்டில் பிள்ளை இறந்தும் இருக்கிறது.

கோண்டாவில் அம்மா

தீபாவளி முடிந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், வேறு அம்மாமாருக்கு உதவும்.

ஃபான் பயிற்சி மெதுவாகத்தான் போனது. முதலில் மூன்று வரைதான் எண்ணுவேன் என்றாள். இப்போது அறையை இருட்டாக்கிக்கொண்டு 60 வரை எண்ணுகிறாள். சம்மதம் கேட்டுவிட்டு நான் நிறுத்தும் படி இன்னும் வரவில்லை, கேட்டால் தலையை ஆட்டுகிறாள். சரி என்று விட்டிருக்கிறோம். கரண்ட் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. ஒரு இரவு உண்மையிலேயே கரண்ட் போனபோது அலறினாள்தான், ஆனால் அலறிக்கொண்டே கொப்பியைத் தேடினாள். அப்பா ஸ்பீக்கரில் 1987க்கு எடுத்தார். 47 நிமிடம் என்று எழுதிவிட்டுத்தான் படுத்தாள்.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பெடியங்களிடம் போய்க் கேட்டேன், எத்தனை மணிக்கு வெடி கொளுத்துவீர்கள் என்று. வெட்கமாகத்தான் இருந்தது. நல்ல பிள்ளைகள், மாலை 6.30க்குத் தொடங்கி 7.00க்கு நிறுத்துகிறோம் அன்ரி என்றார்கள். அதைக் கலண்டரில் எழுதி வைத்தோம். ஹெட்போனோடு உள்ளறையில் அம்மம்மாவோடு இருந்தாள். தூரத்து வெடிகள் 7 மணிக்குப் பிறகும் வந்தன, அதற்கு அழுதாள். பக்கத்து வீட்டு வெடிக்கு அழவில்லை.

பள்ளிக்கூடம்தான் இன்னும் கஷ்டம். மூடம் போட்ட நாளில் பாதி நாள் போகிறாள், பாதி நாள் இல்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று ரீச்சர் சொல்வீர்களா?

கோப்பாய் தாய்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 6 வயது, பேச்சே இல்லை. நாயைக் கண்டால் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவிடுகிறான். மட்டை, கொப்பி எல்லாம் அவனுக்குச் சரிவருமா?

சாவகச்சேரி அப்பா

வரும் தங்கச்சி, எழுத்துக்குப் பதிலாகப் படமும் பொருளும். எங்கள் மகனுக்கு நாய்ப் படம், பிறகு சத்தமில்லாத வீடியோ, பிறகு கேற்றுக்கு உள்ளே நின்று வெளியே கட்டியிருக்கும் நாயைப் பார்ப்பது என்று போனோம். தூரத்தை அவனே தீர்மானித்தான். "போதும்" என்பதற்கு ஒரு சிவப்பு அட்டை கையில் கொடுத்தோம், அதைக் காட்டினால் அந்த நொடியே திரும்பிவிடுவோம். ஆனால் ரோட்டில் ஓடுவது ஆபத்து. பழகும் வரை அவனை வீதியின் உள்பக்கமாக, மணிக்கட்டைப் பிடித்து நடத்துங்கள். நாய் இருக்கும் ஒழுங்கையைத் தற்போதைக்கு விடுங்கள். எல்லாப் பயத்தையும் ஒரே நேரத்தில் பழக்க முடியாது.

விசேடகல்வி ரீச்சர்

அக்கா, கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 40 பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியருக்கு நீண்ட விளக்கம் வாசிக்க நேரம் இராது. இப்படி எழுதுங்கள்:

"என் மகளுக்கு ஓட்டிசம் உள்ளது. மழை, இடி, மின்சாரம் தடைப்படுவது ஆகியவற்றுக்குக் கடுமையாகப் பயப்படுகிறாள். இது பிடிவாதம் அல்ல. பயம் வரும் முன் காதைத் தேய்ப்பாள், நுனிக்காலில் நடப்பாள். அப்போது கேள்வி கேட்காமல் அவளுடைய மட்டையைக் காட்டினால் போதும். மழை நாள் இடைவேளையில் மண்டபத்துக்குப் பதிலாக நூலகத்தில் இருக்க அனுமதி கேட்கிறேன். ஹெட்போன் பையில் உள்ளது. அவள் ஒரு பச்சை அட்டையை மேசையில் வைத்தால் 5 நிமிடம் வெளியே போய்விட்டுத் தானாக வருவாள். வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம், மிக அவசரம் என்றால் மட்டும் எனக்கு அழையுங்கள்."

காதைத் தேய்ப்பது, நுனிக்கால் எல்லாம் நான் உதாரணத்துக்கு எழுதியது, உங்கள் மகளுக்கு என்ன வருமோ அதைப் போடுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்ற வசனத்தை விட்டுவிடாதீர்கள். அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு முறை நடந்தால் அடுத்த மூடத்தில் வாசலே தாண்ட மாட்டாள். கிளினிக்கில் தந்த அறிக்கையின் பிரதி ஒன்றையும் வைத்து, வகுப்பாசிரியரிடம் ஒன்று, அதிபரிடம் ஒன்று கையில் கொடுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள். முதல் கிழமை நூலகத்துக்கு அவளோடு இன்னொரு பிள்ளையும் போகலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளை வகுப்பில் நிச்சயம் இருக்கும்.